விரலின் வெப்பநிலை

சென்ற மாதம் எங்கள் பழைய துறைக்குப் புதிய இயந்திரம் ஒன்று வந்திருப்பதாகவும், நான் அவசியம் வந்து பார்க்க வேண்டும் என்றும் அழைத்தார்கள். ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. இதே திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு அந்தப் பக்கம் போகாமல் இருந்தவள், இயந்திரம் என்றதும் அடுத்த பேருந்தைப் பிடித்தேன்.

குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு இருந்தது. வளர்ந்த கிருமிக் கூட்டத்திலிருந்து ஒரு பொட்டு எடுத்து உலோகத் தகட்டில் தடவி உள்ளே தள்ளுகிறார்கள். லேசர் ஒளி அதைச் சிதறடிக்கிறது. சிதறிய துணுக்குகளின் எடையைக் கணக்கிட்டு, தேநீர் ஆறுவதற்குள் கிருமியின் பெயரைத் திரை சொல்லிவிடுகிறது. திரும்பத் திரும்பச் செய்து காட்டச் சொன்னேன். என் காலத்தில் ஒரு பெயருக்கு நான் வாரக்கணக்கில் காத்திருந்தது நினைவுக்கு வந்தது. ஆனால் பொறாமை வரவில்லை. கையைத் தட்ட வேண்டும் போல இருந்தது.

இந்த இயந்திரம் இல்லாமல் நீங்களெல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று அங்கிருந்த இளைய ஆய்வாளர்கள் மலையாளத்தில் கேட்டார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்டேன். கிருமி முதலில் வளர்ந்தால்தானே இது பெயர் சொல்லும், வளரவே இல்லை என்றால் என்ன செய்வீர்கள்? அப்போது அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

என் அப்பா ஆரியசாலைக் கடைத்தெருவில் மல்லியும் மிளகாயும் மொத்த வியாபாரம் செய்தவர். மழைக்காலத்தில் ஒரு மூட்டையில் பூஞ்சணம் பச்சையாகவும் பக்கத்து மூட்டையில் கறுப்பாகவும் பூப்பது ஏன் என்று கேட்டு அவரைத் தொந்தரவு செய்திருக்கிறேன். நுண்ணுயிரியல் படித்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. படிப்பு, ஆராய்ச்சிப் பட்டம், தற்காலிக வேலைகள் எல்லாம் கடந்து, ஒரு மருத்துவமனையின் சோதனைக்கூடத்தில் தொற்றுநோய்களைக் கண்டறியும் பிரிவில் ஆய்வாளராகச் சேர்ந்தேன். அங்கே தலைமையில் இருந்தவர் டாக்டர் எஸ்தர்.

எஸ்தர் மேடம் பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். குள்ளமான உருவம். பருத்திச் சேலைக்கு மேல் எப்போதும் முழுக்கை வெள்ளைக் கோட்டு. நுண்ணோக்கியில் ஒரு ஸ்லைடைப் பார்த்துவிட்டுத் தான் பார்த்தது என்ன என்று சொல்லவே மாட்டார். முக்காலியிலிருந்து எழுந்து, "நீ பாரு" என்பார். நாம் பார்த்துவிட்டு ஏதாவது ஒரு கிருமியின் பெயரைச் சொன்னால், "பேரு கேக்கலே பிள்ளே. என்ன இருக்குன்னு கேட்டேன்" என்பார். குச்சி போல இருக்கிறதா, உருண்டையா, தனியாகக் கிடக்கிறதா, கூட்டமாகவா, என்ன நிறம் என்று சொல்லி முடித்த பிறகுதான் பெயர்.

சேர்ந்த புதிதில் ஓர் அறிக்கையில் 'நெகட்டிவ்' என்று எழுதி அவரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, எந்த உணவில் வைத்தாய், எந்தச் சூட்டில் வைத்தாய், எத்தனை நாள் வைத்தாய் என்று கேட்டார். சொன்னேன். "அப்ப அதை எழுது. இந்த உணவுல, இந்தச் சூட்டுல, இத்தனை நாள்ல வளரலே. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்" என்றார். பிடிவாதக்காரி என்று அப்போது நினைத்தேன்.

கிருமிக்கும் ஒரு வாழ்க்கை உண்டு, அதற்கு ஒத்துவராத இடத்தில் வைத்துவிட்டு அது இல்லை என்று சொல்லக் கூடாது என்பதை எனக்கு முதலில் புரியவைத்தவை வித்துரா மலைப்பகுதியிலிருந்து வந்த சாம்பிள்கள். மலை எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒருவருக்குக் கடும் காய்ச்சலும் கழுத்துப் பிடிப்பும் இருந்தால், அங்குள்ள மருத்துவமனையில் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். கெட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். மூளைக்காய்ச்சல் கிருமிகளில் சில அந்தக் குளிரிலேயே செத்துவிடும். எங்களிடம் வந்து சேரும்போது நீர் கலங்கலாக இருக்கும், வளர்ப்பில் ஒன்றும் வராது. மேடம் ஒரு நாள் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வித்துராவுக்கே போய், ஐஸ் வேண்டாம், குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். கொண்டுவருபவரின் உடம்புச் சூட்டிலேயே சாம்பிள் வந்து சேரத் தொடங்கியது. அதற்கடுத்த மழைக்காலத்தில் வந்த குழாய் ஒன்றிலிருந்து முதல் முறையாக அந்தக் கிருமி தட்டில் வளர்ந்தது. மேடம் அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

கிட்டு சாமி வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. கோட்டைக்கு அருகே அக்கிரகாரத்தில் குடியிருந்த கல்யாணச் சமையல்காரர். ஐம்பதைத் தாண்டியவர், பெரிய உடம்பு, மெல்லிய குரல். வலது கை ஆள்காட்டி விரலின் முட்டியில் சிவந்த கட்டி ஒன்று வந்து, உடைந்து, ஆறாமல் இருந்தது. பிறகு புறங்கையில் ஒன்று, மணிக்கட்டுக்கு மேல் ஒன்று, முன்கையில் இரண்டு என்று கோடு போட்டது போல மேலேறியது. வெளியே ஏதோ ஒரு கிளினிக்கில் சீழை ஸ்லைடில் தடவிப் பார்த்து, தொழுநோயாக இருக்கலாம் என்று சொல்லி மாத்திரையும் கொடுத்துவிட்டார்கள். அந்த மருந்து தோலைக் கறுக்கச் செய்யும். அவர் முகம் கறுத்ததைத் தெரு பார்த்தது. அவர் சமைத்து வந்த கல்யாண மண்டபத்தை எடுத்து நடத்திய காண்டிராக்டர், சாமி கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டில் யாரும் அவரை ஒதுக்கவில்லை. அவரே ஒதுங்கிக்கொண்டார். வாசல் அறையில் தனியாகப் படுத்தார். மனைவி லலிதா மாமி கிட்டே வந்தால் எழுந்து தள்ளிப் போனார்.

மருந்துக்குக் கட்டிகள் அடங்கவில்லை. விரல் முட்டி வீங்கி மடங்காமல் போனது. எங்கள் மருத்துவமனையின் அறுவை மருத்துவர், இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று நினைத்தார். அதற்கு முன் ஒரு துண்டுத் திசு எடுத்து எங்களுக்கு அனுப்பி, இது காசநோய்க் கிருமியா, தொழுநோய்க் கிருமியா என்று கேட்டிருந்தார்.

திசுவை அரைத்து ஸ்லைடில் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றி, அடியில் சுடரைக் காட்டி ஆவி எழும்வரை சூடாக்கினேன். கொதிக்க விடக் கூடாது. பிறகு அமிலம் ஊற்றிக் கழுவினால் மற்ற எல்லாவற்றிலிருந்தும் சிவப்பு போய்விடும். இந்தக் குடும்பத்துக் கிருமிகள் மட்டும் சாயத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். கடைசியில் நீலச் சாயம். நுண்ணோக்கியில் நெடுநேரம் தேடிய பிறகு நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள் தெரிந்தன. மேடத்தைக் கூப்பிட்டேன். பார்த்தார். வழக்கம்போல எழுந்து, என்ன இருக்கு என்றார்.

கொஞ்சமாக இருக்கிறது, தனித்தனியாகக் கிடக்கிறது, நீளம் அதிகம் என்றேன். தொழுநோய்க் கிருமி என்றால் பெரும்பாலும் சுருட்டுக் கட்டு போலக் கூட்டமாகக் கிடக்கும். மேடம் தலையசைத்தார். ஆனால் கொஞ்சமாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றும் சொன்னார்.

அடுத்தது வளர்ப்பு. இந்த வகைக் கிருமிகளுக்கு உணவு கோழிமுட்டை. அப்போதெல்லாம் நாங்களே தயாரித்தோம். முட்டைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, சாராயத்தில் ஊறவைத்து, உடைத்து, உப்புகளும் பச்சைச் சாயமும் கலந்து, சின்னக் குப்பிகளில் ஊற்றிச் சாய்வாகப் படுக்கவைத்து, சூட்டில் இறுக வைப்போம். அந்த நாளில் சோதனைக்கூடம் முழுவதும் அவித்த முட்டை வாசனை அடிக்கும். இறுகிய பிறகு குப்பிக்குள் பாசி நிறத்தில் ஒரு சரிவு. அதன் மேல் கிட்டு சாமியின் திசுவைத் தடவி, முப்பத்தேழு டிகிரி இன்குபேட்டரில், காசநோய்ச் சாம்பிள்களோடு வைத்தேன். மனித உடம்பின் சூடு அது. உலகம் முழுக்க அப்படித்தான் வைப்பார்கள்.

வாரங்கள் போயின. சரிவு பச்சையாகவே இருந்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. தொழுநோய்க் கிருமி எந்தக் குப்பியிலும் வளராது. இன்றுவரை யாரும் அதைச் செயற்கை உணவில் வளர்த்ததில்லை. ஆகவே சிவப்புக் குச்சி தெரிகிறது, ஆனால் வளரவில்லை என்றால், அதுவே தொழுநோய்க்குச் சாட்சியாகிவிடும். அறுவை மருத்துவர் தொலைபேசியில் அதையேதான் மேடத்திடம் கேட்டார். வளரவில்லையே, அப்படியானால் தொழுநோய் என்று எடுத்துக்கொள்ளலாமா? மேடம் மலையாளத்தில் பொறுமையாகப் பேசினார். இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும், விரலில் கை வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு தொலைபேசியை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "வளரலேன்னுதான் சொன்னேன் செல்வி. வளராதுன்னு நாம எப்படிச் சொல்ல முடியும்?" என்றார். அவர் குரலில் முதல் முறையாகக் கவலை தெரிந்தது.

சில நாள் கழித்து, முடிவு வந்துவிட்டதா என்று கேட்க கிட்டு சாமியும் மாமியும் நேரில் வந்தார்கள். சாமி எங்கள் வாசலுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"புளித்தண்ணி பட்டா காந்தறது. உப்புப் பட்டா உசிர் போறது. இப்போ எங்கே படப்போறது, சமையல்தான் இல்லியே" என்றார்.

தொழுநோய் என்றால் அந்த இடம் மரத்துப்போயிருக்க வேண்டும் என்பதுதான் பொதுவாக நாம் அறிந்தது. கட்டியாக வருகிற வகையில் அப்படி இல்லாமலும் போகலாம் என்பதால் மருத்துவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் கட்டிகளைப் பார்க்க அவர் கையைப் பிடித்தேன். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். விடவில்லை. முன்கையில் முழங்கைக்குக் கீழேயே கட்டிகள் நின்றுவிட்டிருந்தன. மேலே ஒன்றும் இல்லை. நெஞ்சில், முதுகில், அக்குளில், எங்குமே இல்லை. பிடித்திருந்த விரல் சில்லென்று இருந்தது.

மேடத்தின் அறைக்குள் போய், விரல் குளிர்ச்சியாக இருக்கிறது என்றேன். மேடம் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, தோலில் வைத்துப் பார்க்கும் வெப்பமானியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்தார். கட்டி இருந்த விரலில் வைத்தார். முப்பத்தொன்று. முழங்கைக்கு மேலே வைத்தார், கூடியது. அக்குளில் வைத்தார், இன்னும் கூடியது. தன் விரலில் வைத்தார், என் விரலில், மாமியின் விரலில். எல்லோருக்கும் விரல் குளிர்ச்சிதான்.

"நாம அதை நெஞ்சுக்குள்ள கொண்டு வச்சிருக்கோம். அது விரல்ல இருக்கப்பட்டதாக்கும்" என்றார் மேடம்.

கிருமி கையின் குளிர்ந்த பகுதியிலேயே ஏறி, சூடான பகுதி தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டது என்றால், எங்கள் இன்குபேட்டரின் முப்பத்தேழு அதற்குத் தாங்காத சூடாக இருக்கலாம். புத்தகத்தில் அப்படிச் சில கிருமிகள் உண்டு என்று இருவருமே படித்திருந்தோம். எங்கள் ஊரில் யாரும் வளர்த்துப் பார்த்ததாகக் கேள்விப்படவில்லை. இன்னொரு முறை திசு எடுக்க வேண்டும் என்று சாமியிடம் சொன்னோம். வெட்டினதெல்லாம் போதும் என்று அவர் மறுத்தார். மாமி அவரைப் பார்க்காமல் எங்களைப் பார்த்து, எடுத்துக்கோங்கோ என்றார். எடுத்தார்கள்.

இருந்தது ஒரே ஒரு இன்குபேட்டர். ஊராரின் காசநோய்ச் சாம்பிள்கள் உள்ளே இருக்க, அதன் சூட்டைக் குறைக்க முடியாது. சுவரில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்தேன். திருவனந்தபுரத்தின் சாதாரண வெயில் நாள். அறையின் சூடு ஏறக்குறைய சாமியின் விரலின் சூடு. குப்பிகளைக் கறுப்புத் தாளில் சுற்றி, அலமாரியின் நடுத்தட்டில் வைத்தேன். கூடவே திசு எதுவும் இல்லாமல், அரைக்கப் பயன்படுத்திய உப்புநீரை மட்டும் தடவிய குப்பி ஒன்று. குழாய்த் தண்ணீரிலும் இந்தக் குடும்பத்துக் கிருமிகள் இருக்கும். நம் தண்ணீரில் இருப்பதை நோயாளியின் தலையில் கட்டிவிடக் கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொன்னார்.

இரண்டாவது வாரம் ஒரு காலையில் தாளைப் பிரித்தபோது, பச்சைச் சரிவின் மேல் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. திசு வைத்த குப்பிகள் எல்லாவற்றிலும் இருந்தன. உப்புநீர்க் குப்பி சுத்தமாக இருந்தது. இன்குபேட்டரில் வைத்த குப்பிகளும் சுத்தம். ஒரு புள்ளியை எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். அதே சிவப்புக் குச்சிகள், இப்போது ஸ்லைடு நிறைய. மேடத்தைக் கூப்பிடப் போகும்போது கால் தரையில் பாவவில்லை.

மேடம் பார்த்தார், எழுந்தார். ஆனால் என்ன இருக்கு என்று கேட்கவில்லை. "ஒரு குப்பிய ஜன்னல்ல வை. மூடியக் கொஞ்சம் லூசாக்கி வை" என்றார்.

இருட்டில் வெள்ளையாக வளர்ந்து, காற்றும் வெளிச்சமும் பட்டால் நிறம் மாறும் கிருமி ஒன்று அந்தக் குடும்பத்தில் இருக்கிறது. ஒரு குப்பியைக் கறுப்புத் தாளிலேயே விட்டுவிட்டு, மற்றொன்றைக் கொஞ்ச நேரம் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, மறுபடி அலமாரியில் வைத்தேன். மறுநாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, தாளுக்குள் இருந்தது வெள்ளையாகவே இருந்தது. வெளிச்சம் கண்டது எலுமிச்சை மஞ்சளாக மாறியிருந்தது. அவ்வளவு அழகான மஞ்சளை நான் எந்தச் சேலையிலும் பார்த்ததில்லை. துறையில் இருந்த எல்லோரும் வந்து பார்த்தார்கள். தரை துடைக்க வந்தவரும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுப் பார்த்தார்.

தொழுநோய் இல்லை. காசநோயும் இல்லை. இது தண்ணீரில் வாழும் கிருமி. மீன்களுக்கு நோய் உண்டாக்கும். கையில் சிறு கீறல் இருந்தால் மனிதருக்கும் வரும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது. மற்ற சில பரிசோதனைகளும் முடித்து, வெளியூரில் இருந்த பெரிய சோதனைக்கூடத்துக்கும் அனுப்பி உறுதி செய்துகொண்டோம். அறுவை மருத்துவர் விரலை எடுக்கும் யோசனையைக் கைவிட்டு, பழைய மருந்தை நிறுத்தி, வேறு இரண்டு மருந்துகளை மாதக்கணக்கில் சாப்பிடச் சொல்லி எழுதினார்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. விழிஞ்ஞத்து மீனவர் ஒருவருக்கு வந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அக்கிரகாரத்துச் சமையல்காரருக்கு எப்படி வந்தது? சாமியும் மாமியும் வந்தபோது நேராகவே கேட்டேன். மீனைத் தொட்டதுண்டா?

"மீனா? ஆயுசுல தொட்டதில்லே. எங்க சமையக்கட்டுல வெங்காயம் நறுக்கவே யோசிப்போம்" என்றார் சாமி. குளத்தில் குளிக்கும் பழக்கம்? அதுவும் விட்டு வெகு காலமாகிறது. கடலில் கால் நனைத்தது எப்போதோ தர்ப்பணத்துக்கு. நான் கைவிடும் நிலையில் இருந்தேன்.

மாமி மெதுவாகச் சொன்னார். "மண்டபத்து வாசல்ல கண்ணாடித் தொட்டி ஒண்ணு இருக்கே. அதுல நீஞ்சறது என்னவாம்?"

சாமி அவரைத் திரும்பிப் பார்த்தார். "அது அழகுக்கு வச்சிருக்கறதுன்னா. அதெல்லாம் மீன் கணக்காக்கும்?"

விசாரித்தபோது எல்லாம் வெளியே வந்தது. காண்டிராக்டர் ஆசைப்பட்டு வாங்கி வைத்த தொட்டி. பிறகு யாரும் கவனிக்கவில்லை. தண்ணீர் கலங்கி மீன்கள் செத்து மிதப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், கல்யாணங்களுக்கு நடுவே சாமிதான் தண்ணீர் மாற்றி, உள்சுவரில் படிந்த பாசியை வெறும் கையால் தேய்த்து வந்திருக்கிறார். தொட்டியின் ஒரு மூலையில் கண்ணாடி விண்டிருந்தது. அதில் விரல் முட்டி கீறியதும் நினைவுக்கு வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை மீன் என்பது யாரோ சமைத்துத் தின்னும் பொருள். தொட்டியில் இருந்தவை அவருக்குக் குழந்தைகள்.

நான் மண்டபத்துக்குப் போய்த் தொட்டியின் பாசியைச் சுரண்டி எடுத்து வந்தேன். குப்பிகளில் பெரும்பாலானவற்றைப் பூஞ்சணம் மூடிவிட்டது. தப்பித்த ஒன்றில் வெள்ளைப் புள்ளிகள் வளர்ந்து, வெளிச்சத்தில் மஞ்சளாயின. இரண்டும் ஒரே கிருமிதானா, அல்லது ஒரே இனத்தின் வேறு வேறு கிளைகளா என்று அன்று எங்களால் நிரூபிக்க முடியவில்லை. இளையவர்களிடம் கேட்டேன். இந்தப் புதிய இயந்திரத்தாலும் அது முடியாது, மரபணுவை முழுதாகப் படித்தால்தான் தெரியும் என்றார்கள். இன்று அந்தக் குப்பிகள் இல்லை. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது, சில நாள் காலையில் எழுந்ததும் அதை யோசிக்கிறேன்.

மருந்து வேலை செய்தது. கட்டிகள் ஒவ்வொன்றாக, வந்த வரிசையிலேயே வற்றின. விரல் முழுதாக மடங்கவில்லை. ஆனால் கரண்டி பிடிக்க வந்தது. நோய் யாருக்கும் தொற்றாது என்று மேடமே காண்டிராக்டரைக் கூப்பிட்டு விளக்கினார். அவர் நம்பிய பிறகும் தெரு நம்ப இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

மருந்து முடிந்த அன்று இருவரும் சொல்லிக்கொண்டு போக வந்தார்கள். அந்தக் கிருமியைப் பார்க்க முடியுமா என்று சாமி கூச்சத்தோடு கேட்டார். பழைய ஸ்லைடை எடுத்து வைத்துக் கொடுத்தேன். குனிந்து நெடுநேரம் பார்த்தார். இதற்குக் கண் உண்டா, வெளிச்சம் எப்படித் தெரிகிறது என்று கேட்டார். கண் இல்லை, வெளிச்சம் பட்டால் உள்ளே ஒரு நிறம் ஊறுகிறது என்றேன். குப்பியில் என்ன தின்றது என்று கேட்டார். முட்டை என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பிறகு மாமி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இத்தனூண்டா?" என்றார், கண்ணை எடுக்காமலே. "இதுக்காக்கும் இத்தனை மாசம் என்னைக் கிட்ட வரவிடாம இருந்தேள்."

மேடம் அறைக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் அடுத்த ஸ்லைடுகள் காத்திருந்தன. மாமி எழுந்திருக்கவில்லை. ஸ்லைடை நகர்த்தும் குமிழை எப்படித் திருப்புவது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தானே திருப்பி, ஸ்லைடின் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்.